பிளஷிங்குக்குத் தமிழ் என்ன? திங்கட்கிழமைக்குள் வேண்டும்

தருமபுரி, தொழிற்பயிற்சி ஆசிரியர் (புதன் இரவு)

வணக்கம். கார் பெயிண்டிங் படிக்கிற பிள்ளைகளுக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலை அச்சுக்குப் போகவேண்டும். ‘பூச்சில் வரும் குறைகள்’ பக்கத்தில் ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்: பிளஷிங்.

அது என்னவென்று என் கதையையே சொல்கிறேன். வீட்டுக் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நிற்கிறது, 1961 முதல் சென்னையில் செய்துவந்தார்களே, அந்த வண்டி. அதன் பானெட்டு இரண்டு பக்க மட்கார்டோடும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் கவிழும். அதைக் கழற்றி, இரண்டு டிரம் மேல் ஏற்றி, பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, சர்பேசர் என்கிற அடிப்பூச்சு கொடுத்து, போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் கருநீல என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்தேன். தொப்பூர்ப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது கண்ணுக்குத் தெரிந்தும் அடித்தேன். பத்து நிமிடத்தில் நீலத்தின் மேல் மோர் தெளித்த மாதிரி ஆகிவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகட்டின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. தகடு குளிர்ந்ததும், ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வியர்ப்பதுபோலக் காற்றின் ஈரம் பூச்சில் படிந்து, உள்ளே இருக்கும் நைட்ரோசெல்லுலோஸைத் திரிய வைத்துவிடுகிறது.

எனக்குக் கிடைத்த பழைய பாடக்குறிப்பு ஒன்றில் ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து, இதற்கு ‘நாணுதல்’ என்று போட்டிருக்கிறது. நாணினால் சிவக்கவேண்டும். என் பானெட்டு வெளுத்தது.

காவேரிப்பட்டினம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் (வியாழன் காலை)

தம்பி, வெளியே எங்கும் தேடவேண்டாம். பசலை. காதலனைப் பிரிந்தவளின் உடம்பில் இயல்பான நிறம் போய் மேலே வேறொரு நிறம் படர்வதற்குப் பெயரே அதுதான். வள்ளுவர் இதற்கென்றே 119ஆம் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். தழுவிக் கிடந்தவள் சற்றே புரண்டு படுத்தாள், அதற்குள் அள்ளிக்கொள்ளும் அளவு பசலை வந்துவிட்டது என்கிறாள். உங்கள் பத்து நிமிடம் அதைவிடத் தாமதம்! ‘பூச்சுப் பசலை’ என்று போடுங்கள்.

ஓசூர், பட்டறைக்காரர்

ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. பட்டறையில் நின்று ‘பசலை வந்துடுச்சு’ என்று கத்தினால், பையன் போய்க் கீரைக்கட்டு வாங்கிவருவான்.

நாங்கள் ‘பூத்துப்போச்சு’ என்போம். இங்கே மார்கழிக் காலையில் பனி விலகுமுன் ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்தால் பூக்கத்தான் செய்யும். சுவரில் உப்புப் பூக்கும், ரொட்டியில் பூஞ்சணம் பூக்கும், நெருப்பில் நீறு பூக்கும். பெயிண்டும் பூக்கும். இதற்குப் போய் எதற்குப் புதுச் சொல்?

காவேரிப்பட்டினம்

கீரையும் அதே வேர்தான் ஐயா! பசு, பச்சை, பசப்பு, பாசி எல்லாம் ஒரு கொடி. குறுந்தொகை 399இல் பரணர் சொல்வதைப் பாருங்கள். ஊரார் நீர் உண்ணும் கேணியின் பாசி போன்றது பசலை. தலைவன் தொடுந்தோறும் விலகும், விடுந்தோறும் பரவும். வெளுத்த இடத்தில் கைவைத்தால் மாவு ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்கிறார்களே, அது இதுதானே? பாசி என்பதன் முதனிலை நீண்டது எப்படி என்றால்

(இதற்குப் பிறகு அவர் எழுதிய நாற்பது வரிகளைத் தனியாக வைத்திருக்கிறேன். விரும்புவோருக்கு அனுப்புகிறேன். – தருமபுரி)

கிருஷ்ணகிரி, வேதியியல் ஆசிரியை (வியாழன் இரவு)

ஐயா, கையில் மாவு ஒட்டுவது பிளஷிங் அல்ல, சாக்கிங். அது வருடக்கணக்காக வெயில் தின்று, பூச்சின் பிசின் சிதைந்து, நிறப்பொடி மட்டும் மேலே மிஞ்சுவது. பிளஷிங் அடித்த கையோடு வருவது. புளூம் என்று மூன்றாவதும் உண்டு: நன்றாகக் காய்ந்து பளபளத்த பூச்சின் மேல் பிறகு படரும் மங்கல்.

ஓசூர் அண்ணன் சொன்ன ‘பூத்தல்’ எனக்கும் பிடிக்கிறது. ஆனால் அது மூன்றுக்கும் பொருந்திவிடும், அங்கேதான் சிக்கல். மூன்றுக்கும் மருந்து வேறு. பூத்தது என்று மட்டும் படித்த பையன், வெயில் தின்ற அம்பாஸடர் கூரையில், பிளஷிங்குக்கு அடிக்கவேண்டிய ரிட்டார்டர் தின்னரை அடித்துவிட்டு நிற்பான்.

எனவே காரணத்தை முன்னால் ஒட்டலாம். பிளஷிங்குக்கு ஈரப்பூப்பு, புளூமுக்குப் பின்பூப்பு, சாக்கிங்குக்குப் பொடிப்பூப்பு.

பென்னாகரம், மொழிபெயர்ப்பாளர்

‘பூப்பு’ வேண்டாம் அம்மா. பூப்பெய்துதல் ஞாபகம் வந்து பின் வரிசைப் பையன்கள் சிரிப்பார்கள். வகுப்பு அன்றைக்கு அவ்வளவுதான். ‘பூத்தல்’ என்றே இருக்கட்டும்.

இன்னொன்று. ஆசிரியர் ‘கொட்டகை’ என்கிறார், மற்றவர் ‘பட்டறை’ என்கிறார். இது அதியமானின் தகடூர் மண். புறநானூறு 95இல் ஔவையார், தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி அணிந்து, நெய் பூசிக் காவல் மனையில் கிடக்கின்றன, அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் களத்தில் கிடக்கின்றன என்றார். ‘கொல்துறை’ என்பது அவர் சொல். வண்டி பழுதுபார்க்கும் இடத்துக்கு இதைவிட நல்ல சொல் ஏது?

ஓசூர்

‘கொல்’ என்று போர்டு வைத்தால் எவன் வண்டியை விடுவான்?

அப்புறம், நெய் பூசி உறைபோட்டு வைத்திருக்கும் வண்டி யாருடையது என்று தருமபுரிக்காரர்தான் சொல்லவேண்டும். ஹெரால்டு எப்போது ரோட்டுக்கு வரும்?

தருமபுரி (சனி)

உறை போட்டிருப்பது உண்மை. நெய் இல்லை, கிரீஸ்.

ரிட்டார்டருக்குத் தமிழ் கேட்கலாம் என்றிருந்தேன், பயமாக இருக்கிறது. ‘மெதுவாக ஆவியாகும் தின்னர்’ என்று எழுதிவிட்டேன். வெளுத்த இடத்தில் அதை மெல்லிய தூறலாக அடித்தால் மேற்பூச்சு மறுபடி இளகி, ஈரம் வெளியேறி, நிறம் திரும்பிவிடும் என்றும், லேசாக இருந்தால் காய்ந்தபின் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து மெருகேற்றினாலே போதும் என்றும் சேர்த்திருக்கிறேன்.

எண்ணிப் பார்த்ததில் ‘ஈரம் பூத்தல்’ பக்கம் நான்கு பேர், பசலைக்கு ஒருவர். கையேட்டில் ‘ஈரம் பூத்தல்’ போட்டு, பக்கத்திலேயே பிளஷிங் என்றும் எழுதியிருக்கிறேன். பரீட்சைத்தாளில் அப்படித்தான் வரும். புளூம் ‘பின்னால் பூத்தல்’. சாக்கிங்கை ‘பொடி உதிர்தல்’ ஆக்கிவிட்டேன், அதில் எதுவும் பூப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கிருஷ்ணகிரி

மூன்றும் ஒரே அச்சில் இருந்திருந்தால் பிள்ளைகள் மனத்தில் நின்றிருக்கும். சரி, போகட்டும்.

காவேரிப்பட்டினம் (ஞாயிறு)

நான்கு பேர் கைதூக்கினால் சொல் பிறந்துவிடாது. ஈரம் எங்கே பூக்கிறது? ஈரத்தால் பூச்சல்லவா பூக்கிறது! ‘ஈரம்’ எழுவாயாக நிற்பது பிழை. ‘ஈரத்தால் பூத்தல்’ என்றாவது திருத்துங்கள். பசலையை நான் விடவில்லை.

ஓசூர்

ஐயா, அப்படியென்றால் உப்புப் பூக்கிறது என்பதும் பிழையா?

காவேரிப்பட்டினம்

அது வழக்கு.

தருமபுரி (திங்கள் காலை)

அச்சுக்குப் போய்விட்டது. திருத்தவில்லை, மன்னிக்கவும். தையில் வெயில் ஏறியபிறகு பானெட்டை மறுபடி அடிக்கப்போகிறேன். ஓசூர் அண்ணன் வந்து பக்கத்தில் நின்றால் தெம்பாக இருக்கும்.