குஞ்சுகளைத் தூக்கும் பருந்து: வலை போடணுமா, பஞ்சாரமே போதுமா?

கீழக்கொல்லை:
திண்டுக்கல் பக்கம், 8 சென்ட் கொல்லை. இரண்டு சிறுவிடை (சின்ன உடல் நாட்டுக்கோழி) தாய்க்கோழி, 19 குஞ்சு பொரித்ததில் மூன்று வாரத்துக்குள் 7 போய்விட்டது. எல்லாமே பட்டப்பகலில். பெரும்பாலும் தடயமே இருப்பதில்லை. இரண்டு தடவை மட்டும் வேப்பமரத்தடியில் குஞ்சின் மயிர் கொத்தாகக் கொட்டிக் கிடந்தது. பழைய சிடி, ஜிகினா ரிப்பன் எல்லாம் கட்டியாச்சு, ஒரு வாரத்துக்கு மேல் வேலை செய்யவில்லை. கொல்லை முழுக்க வலை போட வசதியில்லை. என்ன செய்யலாம்?

ஓடைக்கரை:
உங்களிடம் வருவது ஒன்றல்ல, இரண்டு போலத் தெரிகிறது. வெட்டவெளியில் தடயமில்லாமல் போவது கரும்பருந்து வேலை. வால் நுனி கவட்டை போலப் பிளந்திருக்கும். வெயில் ஏறியதும் மேலே வட்டமடித்து, சாய்வாக இறங்கி, தரையில் நிற்காமலே காலால் அள்ளிப் போய்விடும். மரத்தடியில் மயிர் கிடந்தால் வல்லூறு. புறா அளவுதான் இருக்கும். இலைக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்து, வேலி உயரத்தில் தாழ்வாகப் பறந்து வந்து அடிக்கும். பிடித்ததைப் பக்கத்து மறைவிலேயே மயிர் பிடுங்கித் தின்னும். காலையிலும் சாயங்காலத்திலும் உஷாராக இருங்கள்.

இதைப் பிரித்துப் பார்க்காமல் செலவு செய்தால் வீண். பருந்துக்கு மேலே தடை இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வல்லூறு பக்கவாட்டில் நுழையும், மேலே மட்டும் கட்டினால் அதற்கு ஒன்றுமே இல்லை. கழுத்து கடிபட்டு நாலைந்து ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் இரண்டும் இல்லை, கீரியைப் பாருங்கள்.

மீன் கழுவிய கழிவு, கோழிக் குடல், செத்த குஞ்சு எதையும் கொல்லையில் வீசாதீர்கள். பருந்தை வரவழைப்பதே அதுதான். குழி தோண்டிப் புதையுங்கள்.

பனங்காட்டான்:
கொல்லை முழுக்க வலை வேண்டாம். 20 அடிக்கு 12 அடியில் ஒரு வலைக்கூண்டு போதும், இருக்கிற 12 குஞ்சும் தாயும் தாராளமாகப் புழங்கும்.

சவுக்குக் கம்பு 8 அடியில் 6. ஒன்றரை அடி புதைத்தால் மேலே ஆறரை அடி நிற்கும், குனியாமல் உள்ளே போகலாம். மூலைக்கு ஒன்று, நீளவாட்டத்தில் நடுவே ஒவ்வொன்று. நீளவாட்டத்துக் கம்புகளின் தலையில் மூங்கில் வைத்துக் கட்டுங்கள். அதிலிருந்து எதிர் மூங்கிலுக்கு 4 அடிக்கு ஒன்றாக 12 கேஜ் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி இழுங்கள், ஓரம் இரண்டையும் சேர்த்து 6 இழை. நீளவாட்டில் நடுவே ஒன்று. மொத்தம் 35 மீட்டர் வாங்கினால் முறுக்கிக் கட்டுவதற்கும் சேர்த்துச் சரியாக இருக்கும், எடையில் ஒன்றரைக் கிலோ. மூங்கிலை விட்டுவிட்டு ஓரத்திலும் கம்பியே கட்டுகிறவர்கள் உண்டு. குறுக்குக் கம்பியை இறுக்க இறுக்க ஓரக்கம்பி உள்ளே வளையும், வலை தொட்டில் மாதிரி தொங்கும். நாலு மூலைக்கும் வெளிப்பக்கம் இழுகம்பி (கம்புத் தலையைத் தரையோடு இழுத்துக் கட்டுவது) கட்டாயம், அதற்குக் கம்பி தனி.

மேலுக்கு 2 அங்குலக் கண் வலை, 22க்கு 14 அடி. வெயில் தாங்கும் யு.வி. வலையா என்று கேட்டு வாங்குங்கள். சாதா நைலான் வெயிலில் கிடந்து விரலால் இழுத்தாலே பிய்யும். கம்பு முனையில் தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டிக் கவிழ்த்துவிடுங்கள், வலை முதலில் கிழிவது அங்கேதான். வலையை ஓரத்தில் ஒரு அடிக்கு ஒரு கட்டு.

பக்கவாட்டில் கீழே 2 அடிக்கு அரை அங்குலக் கண் கம்பி வலை, சுற்றளவு 64 அடி என்பதால் 20 மீட்டர். 2 அங்குலக் கண்ணைக் கீழேயும் போட்டால் பருந்து உள்ளே வராது, ஆனால் குஞ்சு வெளியே வந்துவிடும். கீரி வரும் இடமானால் அரை அடி அகலம் கூடுதலாக வாங்கி, வெளிப்பக்கம் தரையோடு மடித்து மேலே கல் பரப்புங்கள். அதற்கு மேல் நாலரை அடிக்கு, மேலுக்குப் போட்ட அதே 2 அங்குல யு.வி. வலையே போதும்.

ஒரு எச்சரிக்கை: அடைத்து வளர்த்தால் ரத்தக்கழிச்சல் வரலாம். எச்சத்தில் இருக்கும் ஒட்டுண்ணிதான் காரணம், தரை ஈரமாகக் கிடந்தால் அது வீரியமாகும். தண்ணீர்த் தட்டைச் செங்கல் மேல் வையுங்கள், ஈர மண்ணைக் கொத்தி வெயில் காட்டுங்கள்.

மேட்டுத்தெரு:
வலை சரிதான், ஆனால் அதற்கு முன்னால் பஞ்சாரத்தை (கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை) சரியாகக் கையாளலாமே. நிறையப் பேர் தாயையும் குஞ்சையும் சேர்த்து அடைக்கிறார்கள், வெக்கையில் வாடிப் போகும். தாயை மட்டும் கவிழ்த்து, மேலே ஒரு கல் வைத்தால் குஞ்சுகள் கூடைக் கண் வழியாகப் போய் வந்துகொண்டிருக்கும், தாயை விட்டு அதிக தூரம் அகலாது. பருந்து நிழலைப் பார்த்துத் தாய் குரல் மாற்றியதும் அத்தனையும் உள்ளே. தீனியைப் பஞ்சாரத்துக்குள்ளேயே வையுங்கள். நிழல் நகர நகரப் பஞ்சாரமும் நகரணும். குஞ்சு வளர்ந்து கண்ணில் நுழைய முடியாமல் திணறும்போது இந்த வழி முடிந்தது.

அதற்குப் பிறகு ஒதுங்க இடம் வேணும். தென்னங்கிடுகு 4 அடிக்கு 4 அடி தட்டியாகக் கட்டி, ஒன்றரை அடி உயரத்தில் நாலு முளை மேல் வையுங்கள். 10 அடிக்கு ஒன்று. குஞ்சு எங்கே நின்றாலும் இரண்டு மூன்று நொடியில் ஓடி நுழைய முடியணும், அதுதான் கணக்கு. நிரந்தரத்துக்கு ஆடாதோடை, மருதாணி, நொச்சி. முருங்கை உதவாது, அடியில் மறைவே இருக்காது.

இரட்டைவால் கரிச்சான் கூடு வைத்திருக்கும் மரம் இருந்தால் கிளையைக்கூட வெட்டாதீர்கள். கூடு இருக்கும் காலத்தில் காக்காய், பருந்து எது வந்தாலும் முதுகில் கொத்தித் துரத்தும். சம்பளமில்லாத காவல். என்ன, கோடை முடிந்து குஞ்சு பறந்ததும் அந்தக் கோபம் போய்விடும்.

கீழக்கொல்லை:
நன்றி. 20க்கு 12 அடியே போடுகிறேன். இடம் வேப்பமரத்துக்குப் பக்கம்தான் வருகிறது, சருகு கொட்டுமே? பாம்பு வலையில் மாட்டும் என்கிறார்கள். குஞ்சுக்கு ஊதாச் சாயம் பூசினால் பருந்து தொடாது என்பது உண்மையா? பருந்தைக் கொல்லச் செத்த குஞ்சில் குருணை மருந்து (பயிருக்குப் போடும் பூச்சி விஷம்) வைக்கச் சொல்கிறார்கள் பக்கத்து வீட்டில்.

பனங்காட்டான்:
சருகுக்கு: வாரம் ஒருமுறை உள்ளே நின்று துடைப்பக் கட்டையால் வலையைத் தட்டிவிடுங்கள். மழைக்கு முன்னால் விட்டுவிட்டால் சருகு நனைந்து கனத்துக் கம்பியையே இறக்கும். பசுமைக்குடில் நிழல்வலையை மேலே போட ஆசைப்படாதீர்கள், காற்றில் பாய்மரமாகிக் கம்பைப் பிடுங்கும்.

பாம்பு மாட்டுவது தரையில் சுருண்டு கிடக்கும் தளர்ந்த நைலானில். அதனால்தான் கீழே கம்பி வலை. மீந்த வலையை அடியில் மடித்துப் போடாமல் வெட்டி எடுத்துவிடுங்கள்.

ஓடைக்கரை:
சாயம்: பழக்கமில்லாத நிறத்தைப் பார்த்துப் பருந்து கொஞ்ச நாள் தயங்கலாம். பூ மயிர் உதிர்ந்து இறகு முளைக்கும்போது சாயமும் போய்விடும், உங்கள் குஞ்சுக்கு இப்போதே அந்த வயசு. பூசினால் சாப்பாட்டில் போடும் கலர் மட்டும், கண்ணையும் மூக்கையும் விட்டு. பெயிண்ட் கூடாது.

விஷம் வேண்டவே வேண்டாம். நாயும் காக்காயும் ஆந்தையும்தான் முதலில் சாகும், அந்தக் குஞ்சை உங்கள் கோழியே கொத்தினாலும் அதே கதி. பருந்தையோ வல்லூறையோ கொல்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மாஞ்சா நூலை மேலே கட்டச் சொல்லி யாராவது வந்தால் அதையும் மறுத்துவிடுங்கள், சிறகை அறுத்துவிடும். வலை வரும்வரை தற்காலிகமாக வேண்டுமானால் 2 மி.மீ. வெள்ளை பிளாஸ்டிக் கயிறு, ஒன்றரை அடி இடைவெளியில் இணை இணையாக. பருந்தின் சிறகு விரிப்பு கிட்டத்தட்ட 5 அடி, அந்தச் சந்தில் இறங்கத் தயங்கும். வல்லூறு தயங்காது.

குஞ்சை அரைக் கிலோ நெருங்கும்வரை வலைக்குள்ளேயே வையுங்கள். சிறுவிடைக்கு இரண்டு மாதத்துக்கு மேலேயே ஆகும்.