சொத்தவிளையா முட்டமா? நிச்சயதார்த்த போட்டோ எடுக்க எடம் சொல்லுங்க

கேள்வி: நாகர்கோவில்காரி நான், என் பார்ட்னரும் பொண்ணுதான், அடுத்த மாசம் மோதிரம் மாத்துறோம், அதுக்கு முன்ன கடற்கரைல ரிலாக்ஸா ஒரு போட்டோ ஷூட் வச்சுக்கலாம்னு, ரெண்டு பேருக்கும் போஸ் குடுக்கவே வராது, ஆளுங்க கூடி வேடிக்கை பாக்காத எடமா வேணும்

பதில்: கன்னியாகுமரி முனை வேண்டாம் மக்கா, விடியுறதுக்கு முன்னயே டூரிஸ்ட் பஸ்ஸா வந்து நிக்கும். சொத்தவிளை போங்க, நீள மணல், கொஞ்ச தூரம் நடந்தாலே கூட்டம் கொறஞ்சிரும். வார நாள், காலைல.

பதில்: என் ஓட்டு முட்டத்துக்கு. சாயங்காலம் பாறைல விழுற வெளிச்சம் இருக்கே! ஆனா ஈரப்பாறைல ஏறாதீங்க, அலை சொல்லிட்டு வராது, சேலைன்னா இன்னும் மோசம். வட்டக்கோட்டை தொல்லியல் துறை கைல இருக்கு, கேமரா செட்டப்போட போறதுன்னா முன்னயே அனுமதி கேட்டுக்கோங்க.

பதில்: போட்டோகிராபர்கிட்ட மொதல்லயே வெளிப்படையா பேசிருங்க. எங்களுக்கு வந்தவரு "மாப்ள யாரு"ன்னு கேட்டுட்டே இருந்தாரு, ரெண்டு பேருமே மாப்ளதான்னு சொன்னப்புறம்தான் கேமராவ தூக்குனாரு 😄 படத்த அவரு பேஜ்ல போடக்கூடாதுன்னு எழுதி வாங்குங்க. பயம் வேண்டாம், 2018லேருந்து இது குற்றம் இல்ல, கல்யாணமாத்தான் பதிவு பண்ண முடியாது, 2023ல சுப்ரீம் கோர்ட் கைய விரிச்சிட்டு.

கேட்டவர்: அப்ப சொத்தவிளை. சேலை கேன்சல், சுடிதார்தான்.