தம்பியின் 'த', பந்தின் 'து': தனியாக மொழி கற்ற அனுபவங்கள்

வகுப்புக்குப் போகாமல் வெளிநாட்டு மொழி கற்றவர்கள் தங்களுக்கு நடந்ததை எழுதச் சொல்லியிருந்தீர்கள். நான் மூன்று வருடமாக ஜப்பானிய மொழியைத் தனியாகப் படித்து வருகிறேன். ஒரே ஒரு உரையாடல் நான் படிக்கும் முறையையே மாற்றிவிட்டது. அதை முதலில் சொல்கிறேன்.

தொடங்கி நான்கு மாதம் ஆனபோது சுமார் 600 சொற்கள் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒரு நோட்டில் இருந்தன. இடப்பக்கம் ஜப்பானியச் சொல், தமிழ் எழுத்தில், வலப்பக்கம் பொருள். அந்தச் சமயத்தில் தமிழ் கற்றுக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் பெண்மணி இணையம் வழியாக அறிமுகமானார். ஞாயிறுதோறும் அரை மணி நேரம் தமிழ், அரை மணி நேரம் ஜப்பானியம் என்று பேசிக்கொண்டோம்.

முதல் நாள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தம்பி பல்கலைக்கழகத்தில் படிக்கிறான் என்று சொல்ல நினைத்து, தெரிந்த இரண்டு மூன்று சொற்களை வைத்து ஒரு சின்ன வாக்கியம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "உடம்பு சரியில்லையா? ஏன் நின்றுவிட்டார்?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நோட்டில் பல்கலைக்கழகத்துக்கு 'தைகக்கு' என்று எழுதியிருந்தேன். படிப்பைப் பாதியில் விட்டு விலகுவதற்கும் தமிழில் எழுதினால் அதே 'தைகக்கு'தான். ஜப்பானிய மொழியில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். 'தம்பி'யில் வரும் த-வின் ஒலியில் தொடங்கினால் படிப்பை விடுவது. 'பந்து'வில் வரும் த-வின் ஒலியில் தொடங்கினால் பல்கலைக்கழகம். இந்த இரண்டு ஒலிகளையும் நாம் தினமும் நூறு தடவை சொல்கிறோம், ஆனால் இரண்டு என்று கவனிப்பதில்லை. தமிழில் அந்த ஒலி இடத்தைப் பொறுத்து மாறுகிறது, பொருளை மாற்றுவதில்லை. அதனால் ஓர் எழுத்தே நமக்குப் போதும். அங்கே அப்படி இல்லை. 'கல்'லில் வரும் க-வைப் போட்டுக் 'கின்' என்றால் தங்கம், 'சங்கு'வில் வரும் க-வைப் போட்டால் வெள்ளி. என் நோட்டில் தங்கமும் வெள்ளியும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருந்தன.

அன்று இரவு அந்த நோட்டை மூடி வைத்தேன். ஹிரகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்துகள் 46-ஐயும் இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டேன். அந்த எழுத்தில் இந்த இரண்டு ஒலிகளுக்கும் உள்ள வேறுபாடு மேலே போடும் இரண்டு சின்னக் கோடுகள்தான், ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிறது. புதிய மொழி தொடங்குகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்காதீர்கள். ஒரு வாரம் வசதியாக இருக்கும். பிறகு அதை மறப்பதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

அப்புறம் காதுக்கு வேலை கொடுத்தேன். எழுத்து வடிவமும் சேர்ந்து கிடைக்கிற ஒரு நிமிட ஒலிப்பதிவு ஒன்றை எடுத்துக்கொள்வேன். ஒரு வாரம் முழுக்க அது மட்டும்தான். முதல் நாள் சும்மா கேட்பது. அடுத்த இரண்டு நாள் நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்ததை ஜப்பானிய எழுத்திலேயே எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையில் திருத்துவது. மீதி நாட்களில் பேசுகிறவருக்கு அரை நொடி பின்னால் அவருடைய ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து சொல்லிக்கொண்டே போவது. இதை ஷேடோயிங் என்கிறார்கள். கடைசி நாள் என் குரலைப் பதிவு செய்து மூலத்தோடு வைத்துக் கேட்பேன். முதல் வாரம் ஒரு நிமிடப் பேச்சில் 31 இடங்களில் தப்பு. இரண்டு மாதத்தில் ஐந்தாறாகக் குறைந்தது. புதுச் சொல் ஒன்றுகூடக் கூடுதலாகப் படிக்காமலேயே, முன்பு இரைச்சலாகக் கேட்டது சொல் சொல்லாகப் பிரிந்து கேட்க ஆரம்பித்தது. அந்த மகிழ்ச்சியை இங்கே எழுதிக் காட்ட முடியவில்லை.

ஒலியில் தமிழ் எழுத்து காலை வாரினாலும், வேறு சில இடங்களில் தமிழ் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது. குறில், நெடில் பார்த்து வளர்ந்த நமக்கு ஒபஸன் (அத்தை), ஒபாஸன் (பாட்டி) இரண்டும் குழம்புவதில்லை. பசையும் பச்சையும் வேறு என்று தெரிந்த காதுக்குக் கிதெ (வந்து), கித்தெ (தபால்தலை) வேறுபாடு உடனே பிடிபடுகிறது. வாக்கிய அமைப்பில் இன்னும் நெருக்கம். 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பது 'கினோ கத்தா ஹோன்'. மூன்று சொற்களும் அதே வரிசை. 'செய்து பார்' என்று முயற்சியைச் சொல்வோமே, அங்கேயும் 'செய்து' என்ற எச்சத்தோடு பார்த்தல் என்று பொருள்படும் 'மிரு'வைச் சேர்த்துத்தான் அதையே சொல்கிறார்கள். ஆங்கிலம் வழியாக எழுதப்பட்ட இலக்கண நூல்களில் இதற்கெல்லாம் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கிறது. நான் அந்த வாக்கியங்களைத் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

* * *

மேலே எழுதியவருக்கு நன்றி. நான் கற்றது ஜெர்மன். காதைப் பற்றி நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. நான் வாயைப் பற்றிச் சொல்கிறேன்.

ட்ராய் நகரைத் தேடி அகழ்ந்த ஹைன்ரிஷ் ஷ்லீமன் இளம் வயதில் ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்த்தபோது தனியாகவே பல மொழிகள் கற்றவர். ரஷ்ய மொழிக்கு ஆசிரியர் கிடைக்கவில்லை. யாராவது எதிரில் உட்கார்ந்து கேட்டால் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்று, ரஷ்ய மொழி ஒரு எழுத்தும் தெரியாத ஒருவரைக் கூலி கொடுத்து உட்காரவைத்துத் தினமும் மாலையில் சத்தமாக ஒப்பித்திருக்கிறார். சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் சொல்ல, இரண்டு முறை அறை மாற வேண்டியதாயிற்று என்று அவரே எழுதியிருக்கிறார்.

இதைப் படித்த பிறகு என் பாட்டியிடம் கேட்டேன். "பத்து நிமிஷம் தானேடா, பேசு" என்றார். தினமும் இரவு, அன்றைக்கு நடந்ததை ஜெர்மனில் அவரிடம் சொல்வேன். எதிரில் ஒரு முகம் இருந்ததால் பாதியில் நிறுத்த மனம் வராது. சொல் தெரியாவிட்டால் சுற்றி வளைத்தாவது வாக்கியத்தை முடித்தேன். மூன்றாவது வாரம் பாட்டி கேட்டார்: "அடிக்கடி 'ஆபர்' 'ஆபர்' என்கிறாயே, அது என்ன?" ஆனால் என்று பொருள் என்றேன். "அப்படியென்றால் ஏன் இத்தனை ஆனால்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். இணைப்புச் சொல் எனக்கு அது ஒன்றுதான் வாயில் வந்துகொண்டிருந்தது. அடுத்த வாரமே ஏனென்றால், அதனால், இருந்தாலும் எல்லாவற்றையும் பழகிக்கொண்டேன். ஏனென்றால் என்பதற்கு 'வைல்' போட்டால் ஜெர்மனில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். நமக்கு அது பழக்கப்பட்ட இடம்தானே.

பெயர்ச்சொற்களின் பால் மட்டும் கடைசி வரை உழைப்புதான். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லை. உயர்திணை, அஃறிணை என்று பொருளைப் பார்த்துப் பிரித்துப் பழகிய மனத்துக்கு இதில் பிடிமானமே கிடைக்காது. பாலைக் காட்டப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டெர், டி, தாஸ் மூன்றில் எது வருமோ அதையும் சேர்த்தே ஒரு சொல்லாகப் படித்துவிடுங்கள்.

* * *

நான் இரண்டு வருடம் ஒரு நாள்கூட விடாமல் ஒரு செயலியில் ஸ்பானிஷ் படித்தேன். ஒரு பயணத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஸ்பானிஷில் நலம் விசாரித்தார். அவர் கேட்டது முழுக்கப் புரிந்தது. பதில் சொல்ல ஒரு வாக்கியம்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொட மட்டுமே இரண்டு வருடம் பழகியிருந்தேன். வெறுமையிலிருந்து ஒரு சொல்லை எடுக்கவே இல்லை.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

இப்போது இரவில் ஐந்து வரி நாட்குறிப்பு ஸ்பானிஷில் எழுதுகிறேன். அகராதி தொடுவதில்லை. தெரியாத இடத்தில் தமிழ்ச் சொல்லையே போட்டுவிட்டு மேலே போவேன். மறுநாள் காலையில் அந்தத் தமிழ்ச் சொற்களுக்கு மட்டும் ஸ்பானிஷ் தேடி, அட்டையில் எழுதுவேன். அட்டைகளுக்கு ஐந்து பெட்டிகள், செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் சொன்ன முறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்குத் திரும்பும். பின்னால் உள்ள பெட்டியை அபூர்வமாகத்தான் திறக்க வேண்டும். நானே தேடிப்போன சொற்கள் என்பதால் அவை மனதில் தங்குகின்றன.

ஜப்பானியம் படிப்பவரிடம் ஒரு கேள்வி: 2,200 மணி நேரம் ஆகும் என்று எங்கோ பார்த்தேன். உண்மையா?

* * *

அந்தக் கணக்கு அமெரிக்க அரசு தன் தூதரக அலுவலர்களுக்கு வகுப்பு நடத்தும் நிறுவனத்தினுடையது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் வேலை பார்க்கும் அளவுக்குத் தேறுவதற்கான வகுப்பு நேரம் அது. நம் வாக்கிய அமைப்பு ஏற்கெனவே பக்கத்தில் இருக்கிறது, அதனால் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் ஹிரகானாவோடு கலந்து வரும் கான்ஜி என்ற சீன வழி எழுத்துகள், அன்றாடத்துக்கானவை மட்டும் 2,136, எல்லோருக்கும் ஒன்றுதான், அதற்குக் குறுக்கு வழி இல்லை. நான் தினமும் 50 நிமிடம் படிக்கிறேன், அதில் பாதி கேட்பதற்கு.

உங்கள் நாட்குறிப்பு முறையை இன்றிரவே தொடங்குகிறேன். பாட்டியின் கேள்வியை அந்தப் பெண்மணியிடம் சொன்னேன், மிகவும் ரசித்தார். அவருக்கு மலையும் மழையும் இன்னும் ஒன்றாகவே கேட்கின்றன. அவர் நோட்டிலும் இரண்டையும் ஜப்பானிய எழுத்தில் எழுதி வைத்திருந்தாராம். இப்போது ஞாயிறன்று முதல் பத்து நிமிடம் நான் 'மலை', 'மழை' என்று மாற்றி மாற்றிச் சொல்ல, அவர் எது என்று விரல் காட்டுவார். அடுத்த பத்து நிமிடம் அவர் தங்கம், வெள்ளி என்று சொல்ல, நான் காட்டுவேன். போன வாரம் இருபதில் எனக்கு 19, அவருக்கு 14.