கலைச்சொல் தேவை: நோயாளியிடம் சொல்லாமல் சொல்வதற்கு

மதுரையிலிருந்து

நண்பர்களுக்கு வணக்கம். செவிலியர் உதவியாளர் பயிற்சிக்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பாடத்துக்கு மட்டும் இன்னும் தலைப்பு அமையவில்லை: 'நான்வெர்பல் தெரப்யூட்டிக் கம்யூனிகேஷன்'. என் கைக்கு வந்த மொழிபெயர்ப்பில் 'வாய்மொழி அல்லாத சிகிச்சைசார் தகவல் தொடர்பு' என்று இருந்தது. வகுப்பில் வாசித்தேன். ஏதோ செல்போன் பற்றிய பாடம் என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள்.

பாடத்தில் இருப்பது இதுதான். கட்டிலின் கால்மாட்டில் நின்று டிரிப்ஸைப் பார்த்துக்கொண்டே "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கிறோம். அதையே ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தும் கேட்கலாம். நாடி பார்க்கத் தொடுவது வேறு, பயந்து கிடப்பவரின் கையைச் சும்மா பிடித்துக்கொள்வது வேறு. ஒருவர் அழுது முடிக்கும்வரை பேசாமல் பக்கத்தில் இருப்பதும் இதில் வருகிறது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தவருக்குப் பேச்சு வராது. நம் முகத்தையோ மாஸ்க் பாதி மறைத்திருக்கும். கண்ணும் கையும்தான் மிச்சம். 'உடல்மொழி' என்றால் மௌனம் விட்டுப்போகிறது. என்ன சொல்லலாம்?

தஞ்சாவூரிலிருந்து

அம்மா, வெளியே தேட வேண்டாம். குறிப்பறிதல் என்று வள்ளுவர் 71, 110 என இரண்டு அதிகாரங்களே வைத்திருக்கிறார். 701ஆம் குறள் 'கூறாமை நோக்கிக் குறிப்பறிவான்' என்றுதான் தொடங்குகிறது. அப்புறம், 950ஆம் குறளில் மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒருவராக 'உழைச்செல்வான்' வருகிறார். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலேயே இருப்பவர். செவிலி என்பதோ அகப்பாட்டில் வளர்ப்புத் தாய். அந்தப் பெயரையே மாற்றலாம் என்பது என் நெடுநாள் எண்ணம்.

குறிப்பறிதல் பழசாகத் தோன்றினால் 'அன்மொழித் தொடர்பு' என்று வையுங்கள். அல் + மொழி, மொழி அல்லாதது. ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

சென்னையிலிருந்து

ஐயா மன்னிக்க வேண்டும். அன்மொழி என்றதும் அன்மொழித்தொகைக்கு 'பொற்றொடி வந்தாள்' (பொன்வளையல் அணிந்தவள் வந்தாள்) என்ற பள்ளிக்கூட எடுத்துக்காட்டுதான் எல்லோருக்கும் நினைவு வரும். அங்கே அன்மொழி என்பது தொகையில் இல்லாத வேறொரு சொல். சொல்லே இல்லை என்ற பொருள் அதற்கு இல்லை. குறிப்பறிதலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வார்டில் குறிப்பு என்றால் கேஸ் ஷீட்டில் எழுதுவது. நோயாளியின் குறிப்பை அறியச் சொன்னால் பிள்ளைகள் ஃபைலைத்தான் எடுப்பார்கள். 'சொல்லில்லாத் தொடர்பு' என்று எளிமையாக விடலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து

இங்கே தாதியர் என்போம், தொடர்பாடல் என்போம். தகவல் தொடர்பு என்றால் செய்தி போய்ச் சேர்ந்ததோடு முடிகிறது. தொடர்பாடலில் உரையாடலைப் போல இரு பக்கமும் இருக்கிறது. 'தெரப்யூட்டிக்' என்பதற்குச் சிகிச்சை என்று போடாதீர்கள். கையைப் பிடிப்பது சிகிச்சை அல்ல, ஆனால் ஆற்றுகிறது. உளவளத் துணையை, அதாவது கவுன்சலிங்கை, நாங்கள் ஆற்றுப்படுத்தல் என்றும் சொல்கிறோம். 'ஆற்றுப்படுத்தும் தொடர்பாடல்' நன்றாக இல்லையா?

தஞ்சாவூரிலிருந்து

ஆற்றுப்படுத்தலில் இருக்கும் ஆறு, வழி. பரிசில் பெற்ற பொருநன் இன்னொரு பொருநனுக்கு வழி சொல்வதுதான் பொருநராற்றுப்படை. துயர் ஆற்றுதல் வேறு வினை. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும். தேற்றுதல் இருக்கிறதே, அதை ஏன் விட்டோம்?

யாழ்ப்பாணத்திலிருந்து

தேற்றுவது வாயால் செய்வது ஐயா. பிள்ளையை இழந்த தாயிடம் அந்த நேரத்தில் எதைச் சொல்லித் தேற்றுவது? பக்கத்தில் இருக்கத்தான் முடியும். ஆற்றுப்படுத்தல் இங்கே அந்தப் பொருளில்தான் வழங்குகிறது.

மதுரையிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. குறிப்பறிதல் எனக்கும் ஆசையான சொல்தான். ஆனால் 71ஆம் அதிகாரம் 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என்பதற்கு அடுத்து வருகிறது. அங்கே அரசனின் முகத்தை அமைச்சர் படிக்கிறார். வார்டில் படுத்துக்கிடப்பவர்தான் நம் முகத்தைப் படிக்கிறார். ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது நம் புருவம் சுருங்கினால் அவருக்குச் சேதி போய்விடுகிறது. மாணவிகளுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். அறிதல் பாதி, உணர்த்தல் பாதி.

நேராக அமர்வது, கைகட்டாமல் இருப்பது, சற்று முன்சாய்வது, கண்பார்ப்பது, தளர்வாக இருப்பது என்று அமெரிக்க உளவியலாளர் ஜெரார்ட் ஈகன் சொன்ன ஐந்தும் பாடத்தில் இருக்கின்றன. கண்பார்ப்பதில் மட்டும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கிராமத்துப் பெரியவர் ஒருவர் இளம்பெண் உற்றுப் பார்த்தால் கூசிப்போவார். அவர் பார்வையை விலக்கினால் நாமும் விலக்க வேண்டும்.

தலைப்பு 'சொல்லில்லாத் தொடர்பு' என்றே போகிறது. உள்ளே குறிப்பறிதல், குறிப்புணர்த்தல் என்று இரண்டு பிரிவுகள். கேஸ் ஷீட்டோடு குழம்பாமல் இருக்க, எழுதுவதைப் பாடம் முழுக்கப் பதிவு என்று மாற்றிவிட்டேன். 'தெரப்யூட்டிக்' என்பதற்கு ஆறுதல் தரும் என்று எழுதியிருக்கிறேன். அது முழுப் பொருள் இல்லை என்று தெரியும். வியாழன் இரவுக்குள் வேறு சொல் கிடைத்தால் மாற்றிவிடலாம்.

தஞ்சாவூரிலிருந்து

அச்சுக்குப் போகட்டும் அம்மா. ஆனால் பக்கத்தில் ஒருவர் இருப்பதைச் சொல்ல வந்த சொல்லில் 'இல்லா' எதற்கு? எனக்கு ஒப்புதல் இல்லை. இரண்டாம் பதிப்பின்போது மறுபடியும் கேட்பேன்.