1 எச்பி போர் மோட்டார் இருக்கும் வீட்டுக்கு எத்தனை கேவிஏ ஜெனரேட்டர்? பெட்ரோலா, டீசலா, கேஸா?

தோட்டத்துவீடு (கேள்வி):

வீடு ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்துக்குள் இருக்கிறது. கரண்ட் போனால் மூன்று நாலு மணி நேரம். காற்று மழையில் கம்பம் சாய்ந்தால் இரண்டு நாள்கூட ஆகும். ஓட வேண்டியவை: 1 எச்பி சிங்கிள் ஃபேஸ் நீர்மூழ்கி மோட்டார், 200 லிட்டர் ஃபிரிட்ஜ், நாலு ஃபேன், பத்து எல்இடி பல்பு, மோடம். எல்லாம் கூட்டினால் 1,750 வாட்தான் வருகிறது. ஒரு கடையில் 2 கேவிஏ பெட்ரோல் போதும் என்கிறார்கள். இன்னொரு கடையில் 5 கேவிஏ டீசலுக்குக் கீழே வாங்காதீர்கள் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? மோட்டார் ஷெட் வீட்டிலிருந்து 30 மீட்டர்.

காயில்கட்டி:

கூட்டல் சரிதான். ஆனால் அது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது இழுக்கும் கணக்கு. ஜெனரேட்டரின் அளவை முடிவு செய்வது மோட்டார் கிளம்பும் அந்த ஒரு விநாடி.

1 எச்பி நீர்மூழ்கி ஓடும்போது 7 முதல் 8 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும்போது அதைப் போல நாலைந்து மடங்கு, அதாவது 30, 35 ஆம்பியர் கேட்கும். 2 கேவிஏ, அதாவது 2,000 வோல்ட்-ஆம்பியர் ஜெனரேட்டரால் 230 வோல்ட்டில் தொடர்ந்து தர முடிந்தது 8.7 ஆம்பியர். ஸ்விட்ச் போட்டதும் இன்ஜின் திணறும், வோல்டேஜ் 160க்கு இறங்கும். மோட்டாரின் சுழற்று விசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதால் 70 சதவீத வோல்டேஜில் கிடைப்பது பாதி விசைதான். ரோட்டார் (உள்ளே சுழலும் பகுதி) திரும்பாமல் 'ம்ம்ம்' என்று நிற்கும். நல்ல நேரமாக இருந்தால் ஓவர்லோடு ரிலே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும். இல்லாவிட்டால் மோட்டாரைக் கிளப்ப உதவும் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் உப்பி வெடிக்கும், அல்லது காயில் கருகும். பழி மட்டும் மோட்டார் மேல் விழும்.

உங்கள் மோட்டாருக்கு 4 கேவிஏ எடுங்கள். 3 கேவிஏ கிளப்பினாலும் கிளப்பும், ஆனால் கிணற்றுக்குள் போகும் கேபிள் நீளமாக இருந்தால் தகராறு செய்யும். எதையும் போடுவதற்கு முன் மோட்டாரைக் கிளப்புங்கள், அது ஓட ஆரம்பித்த பிறகு ஃபிரிட்ஜ். கரண்ட் போனதிலிருந்து ஐந்து நிமிடமாவது ஆகாமல் ஃபிரிட்ஜைப் போடாதீர்கள். கம்ப்ரெஸருக்குள் அழுத்தம் இறங்காமல் போட்டால் அதுவும் இதே மாதிரி முக்கும்.

பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் 'மேக்ஸிமம்'. பக்கத்தில் சின்னதாக இருக்கும் 'ரேட்டட்' (தொடர்ந்து தரக்கூடிய அளவு) எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஏவிஆர் (வோல்டேஜைத் தானாகச் சீராக வைக்கும் கருவி) உள்ளதாக வாங்குங்கள். சத்தம் குறைந்த இன்வர்ட்டர் வகை ஜெனரேட்டர் விளக்குக்கும் மோடத்துக்கும் அருமை. ஆனால் சின்ன அளவில் வாங்கினால், மோட்டார் கேட்கும் 30 ஆம்பியரைப் பார்த்ததும் ஓவர்லோடு விளக்கைக் காட்டிவிட்டுக் கை விரித்துவிடும்.

பழைய மோட்டாரை எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் 1 எச்பி த்ரீ ஃபேஸ் மோட்டாரும் சிங்கிள் ஃபேஸில் ஓடும் விஎஃப்டியும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) போடலாம். மெதுவாகக் கிளம்பும், ஜெனரேட்டரும் 2.5 கேவிஏ போதும்.

ஜெட்டும் ஊசியும்:

எரிபொருளுக்கு வருகிறேன். ஒரு வருடத்தில் எத்தனை மணி நேரம் ஓடும், மிச்ச நாளெல்லாம் எப்படிச் சும்மா கிடக்கும், இந்த இரண்டும்தான் கேள்வி.

4 கேவிஏ பெட்ரோல், பாதி லோடில் மணிக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் குடிக்கும். இரண்டு நாள் விடாமல் ஓட்டினால் 60, 70 லிட்டர். அப்படி ஓட்டத் தேவையும் இல்லை. கதவைத் திறக்காத ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் என்று ஓட்டித் தொட்டியை நிரப்பிக்கொண்டால் நாளுக்கு ஆறு லிட்டருக்குள் முடிந்துவிடும். ஃபிரிட்ஜில் மருந்து இருந்தால் மட்டும் நடுவில் இன்னொரு முறை போடுங்கள்.

பெட்ரோலின் கெட்ட குணம், சும்மா கிடந்தால் கெடும். எத்தனால் கலந்தது ஈரத்தை இழுக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் கேனில் வைத்திருக்காதீர்கள், வண்டிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள். கார்புரேட்டரில் விட்டது காய்ந்து பசையாகி ஜெட்டை (பெட்ரோல் வரும் நுண்துளைத் திருகை) அடைக்கும். லோடு இல்லாதபோது இன்ஜின் சத்தம் ஏறி ஏறி இறங்குகிறதா? சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். சத்தம் சீரானால் பெட்ரோல் போதாமல் ஓடுகிறது, முதல் சந்தேகம் பைலட் ஜெட்டில்தான் (குறைந்த லோடில் பெட்ரோல் தரும் ஜெட்). கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஊசி முனை அளவு வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். அடைப்பை எடுக்க மின் ஒயரின் ஒற்றைச் செம்பு இழை போதும். இரும்புக் கம்பியை விட்டால் துளை பெரிதாகி, அப்புறம் பெட்ரோல் குடிக்க ஆரம்பிக்கும்.

இது வராமலிருக்க ஒரே வழி: கடைசியாக நிறுத்தும்போது சாவியில் நிறுத்தாமல் பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, அதுவாக அணையும்வரை ஓட விடுங்கள். பிறகு கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து மிச்சத்தை வடியுங்கள்.

எல்பிஜிக்கு இந்தத் தொல்லை கிடையாது, வருடக்கணக்கில் வைத்தாலும் கெடாது. இன்ஜின் சக்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறையும், ஆகவே ஜெனரேட்டர் அளவை அதற்குத் தகுந்தபடி ஏற்றிக்கொள்ளுங்கள். ஒன்றரை கிலோவாட் லோடுக்கு மணிக்கு ஒரு கிலோ கேஸ் என்று வையுங்கள். வேகமாக இழுத்தால் சிலிண்டர் வெளியே பனி பூத்து, உள்ளே அழுத்தம் இறங்கி இன்ஜின் திக்கும். அதற்கு இரண்டு சிலிண்டரை இணையாக மாட்டுவதுதான் வழி. நெருப்பு காட்டிச் சூடாக்குவது தற்கொலை. படுக்க வைக்கவும் கூடாது, திரவமே ரெகுலேட்டருக்குள் போய்விடும்.

உங்களுக்கு என் ஓட்டு: பெட்ரோல், கேஸ் இரண்டிலும் ஓடுவது.

எண்ணெய்ச்செக்கு:

டீசலை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். அதே வேலைக்குப் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகத்தான் எரிக்கும்; 1,500 ஆர்பிஎம் இன்ஜின் என்றால் ஆயுளும் பல மடங்கு. எளிதில் தீப்பிடிக்காது என்பதால் சேர்த்து வைக்கவும் பயமில்லை. தினமும் பாசனத்துக்கு மணிக்கணக்கில் ஓட்டுபவர் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

ஜெட்டும் ஊசியும்:

பாசனம் என்றால் நானும் டீசல்தான் சொல்வேன். இவருக்கு மோட்டார் அரை மணி நேரம், மிச்ச நேரமெல்லாம் 500 வாட். 5 கேவிஏ டீசலை அதன் லோடில் 30 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து ஓட்டினால் இன்ஜின் சூடேறாமல் டீசல் முழுதாக எரியாமல் போகும். புகைக்குழாயில் கறுப்பு எண்ணெய் கசியும், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் கரி பிடிக்கும்.

தோட்டத்துவீடு:

புரிந்தது. வீட்டில் 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியோடு இன்வர்ட்டர் இருக்கிறது. அதையும் ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றலாமா? ஷெட்டில் ஜெனரேட்டரை வைத்து, அங்கிருந்து வீட்டு பிளக்கில் ஒயர் சொருகினால் போதும் என்று ஒருவர் சொன்னார்.

கம்பிக்காரர்:

அந்த ஆளிடம் இனி மின்சாரம் பற்றிக் கேட்காதீர்கள். பிளக்கில் சொருகினால் மின்சாரம் மீட்டர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட்டாகும். கம்பத்தில் ஏறியிருப்பவர் செத்துப்போவார். சொருகு முனையின் பித்தளைக் காலிலும் 230 வோல்ட் நிற்கும். மீட்டருக்குப் பிறகு, கம்பத்துக் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போடுங்கள்: இரண்டு போல், ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றுவது, நடுவில் 'ஆஃப்' நிலை உள்ளது.

30 மீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள். 2.5 போட்டால் 35 ஆம்பியரில் 15 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 4ல் 10 வோல்ட்டுக்குள் நிற்கும்.

பலரும் விட்டுவிடுவது நியூட்ரல் எர்த்திங். சின்ன ஜெனரேட்டர்களில் காயிலின் இரு முனையும் எதோடும் சேராமல் மிதக்கும். அந்த நிலையில் கசிவு மின்சாரம் திரும்பிப் போக வழி இல்லை, வீட்டு ஆர்சிசிபி (கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழாது. ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் தொடர்பு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஜெனரேட்டரிலேயே, அந்த ஓர் இடத்தில் மட்டும், இரண்டையும் இணைத்து எர்த் ராடுக்குக் கொண்டுபோங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி 'விழுகிறதே' என்று நம்பாதீர்கள், எர்த்தே இல்லாவிட்டாலும் அந்தப் பட்டன் வேலை செய்யும்.

ஷெட் மூடிய அறையாக இருந்தால் உள்ளே ஓட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. திறந்தவெளியில், மேலே மட்டும் கூரை போட்டு, ஜன்னலிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காதபடி வையுங்கள்.

இன்வர்ட்டரைத் தாராளமாக ஏற்றலாம். 15 ஆம்பியர் சார்ஜுக்கு ஜெனரேட்டரில் 250 வாட் போகும். இன்வர்ட்டரின் பின்னால் 'யுபிஎஸ்' என்று இருக்கும் ஸ்விட்சை 'நார்மல்' பக்கம் தள்ளுங்கள். யுபிஎஸ் நிலையில் ஜெனரேட்டரின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து, இன்வர்ட்டர் சப்ளையை ஏற்காமல் பேட்டரிக்கே போய்க்கொண்டிருக்கும்.

காயில்கட்டி:

ஒன்று விட்டுப்போச்சு. புது இன்ஜினில் முதல் ஆயிலை 20 மணி நேரத்தில் மாற்றுங்கள், அப்புறம் 100 மணிக்கு ஒருமுறை. மாதம் ஒருமுறை பாதி லோடு கொடுத்து 20 நிமிடம் ஓட்டுங்கள். நெடுநாள் சும்மா கிடந்தால் ஜெனரேட்டரின் ரோட்டாரில் மிச்சமிருக்கும் காந்தம் போய்விடும். இன்ஜின் நன்றாக ஓடும், பிளக்கில் இரண்டு மூன்று வோல்ட்தான் காட்டும். அப்போது ஏவிஆரை மாற்றச் சொல்வார்கள், அவசரப்படாதீர்கள். இன்ஜினை நிறுத்தி, பிரஷ்ஷுக்கு (ரோட்டாருக்கு மின்சாரம் தரும் கரித்துண்டு) வரும் ஏவிஆர் ஒயரைக் கழற்றி, 12 வோல்ட் பேட்டரியைப் பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸாக மூன்று விநாடி தொட்டு எடுங்கள். ஒயரை மாட்டி ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் 230 வந்துவிடும்.