ஆவிப்பூட்டு சரியா வருமுங்களா?

> வேப்பர் லாக்குக்கு ஆவிப்பூட்டுன்னே போட்டுக்கலாம் தம்பி, அர்த்தம் அப்படியே வருது.

வருதுங்கய்யா, சூட்டுல பெட்ரோல் லைனுக்குள்ளயே ஆவியாகி எஞ்சினுக்குப் போகாம நின்னுக்கறதத்தான வேப்பர் லாக்குங்கறோம், ஆனா ஆவிப்பூட்டுன்னா கேக்கறவனுக்கு காருக்குள்ள பேய் பூந்து கதவச் சாத்திக்கிட்ட மாதிரியில்ல இருக்குது. அதுவுமில்லாம பூட்டுன்னா தொறக்கச் சாவி வேணும், இது எஞ்சின் ஆறுனா தானா வுட்டுருது.

போன சித்திரைல ஆழியாத்துல இருந்து வால்பாறை ஏறறப்போ, இருக்கறது நாப்பது கொண்டை ஊசி வளைவு, ஒம்பதாவதுலயே போட்டோ எடுக்கறேன்னு பெட்ரோலக் காத்தோட கலந்து வுடற கார்பரேட்டர் வெச்ச என்ற பழைய வண்டிய நிறுத்திட்டேன், திரும்பி வந்து சாவியத் திருப்புனா செல்ஃப் ஜம்முனு சுத்துது, வண்டி எடுக்கல. பிளக்கக் கழட்டி பாடில வெச்சுப் பாத்தா பொறி நீலமா வருது, அப்ப பிளக்குக்குக் கரண்டு குடுக்கற காயில் சூட்டுல படுத்துக்கிச்சுன்னும் சொல்ல முடியாது. ஆக்சிலேட்டர மிதிக்கச் சொல்லி கார்பரேட்டர் வாய்க்குள்ள பாத்தா பெட்ரோல் பீச்சவே இல்ல. பம்பு மேல ஈரத்துணியப் போட்டு அரை மணி நேரம் சும்மா ஒக்காந்தோம், அப்பறம் ஒரே சுத்துல எடுத்துக்கிச்சுங்க.

எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டிருக்கற பம்பு பின்னால டேங்க்குல இருந்து உறிஞ்சோணும், உறிஞ்சற பக்கம் அழுத்தம் கொறையும், மேல ஏற ஏற காத்தழுத்தமும் கொறையும், எஞ்சின் சூடு வேற, பெட்ரோல்ல இருக்கற லேசான பங்கெல்லாம் 40 டிகிரி கிட்டயே கொதிக்க ஆரம்பிச்சுரும், அதுக்கப்பறம் பம்புக்குள்ள இருக்கற டயாபிரம் சவ்வு ஆவியத்தான் அமுக்கி அமுக்கி வுடுமே ஒழிய பெட்ரோல நகத்தாது. டேங்க்குக்குள்ள பம்பு வெச்சுத் தள்ளற இஞ்செக்சன் வண்டில இந்தத் தொந்தரவு அபூர்வம்.

மூக்கடைப்பு மாதிரி ஆவியடைப்புன்னு வெக்கலாம்னு மொதல்ல நெனச்சேன். ஆனா பட்டறைல அடைப்புன்னு வாய் தொறந்தா கார்பரேட்டர்ல பெட்ரோல் வர்ற பொடி ஓட்டை ஜெட்டக் கழட்டி ஊத ஆரம்பிச்சுருவாங்க, அங்க அந்தச் சொல்லு தூசிக்குத்தான். ஆவிப்பிடிப்புன்னா சளிக்குப் போர்வைய மூடிட்டு ஒக்காரணும்.

நம்மூர்ல கெணத்து மோட்டார் ஓடியும் தண்ணி வரலீன்னா காத்து புடிச்சுக்கிச்சும்பாங்கள்ல, இதும் அந்தச் சங்கதிதான். தலைல நீர் கோத்துக்கிட்டா நீர்க்கோவை. லைன்ல ஆவி கோத்துக்கிட்டா ஆவிக்கோவைன்னு வெக்கலாமுங்களா? கோயமுத்தூர்க்காரன் சந்துல ஊர் பேர நொழைச்சுட்டான்னு சொல்லிராதீங்க.

—

> ஆவிக்கோவைன்னு வெக்கலாமுங்களா?

நல்லாத்தான் இருக்குது தம்பி, பூட்ட நான் வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு, சூடா நிறுத்துன வண்டில கார்பரேட்டர் கிண்ணத்துல இருக்கற பெட்ரோலே கொதிச்சு உள்ள வழிஞ்சுரும், அப்பவும் எடுக்காது, அதையும் ஆளுக வேப்பர் லாக்குன்னுதான் சொல்லிட்டுத் திரியறாங்க. உன்ற வண்டிக்கு வந்தது பெட்ரோல் பத்தாத நோவு, இது மிஞ்சுன நோவு, பானட்டத் தொறந்தாலே வாடை தூக்கும், ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சுப் புடிச்சுட்டு செல்ஃப் அடிச்சா பெரும்பாலும் எடுத்துக்கும். இதுக்கும் ஒரு பேரு வெக்காம ஆவிக்கோவைய மட்டும் பதிஞ்சா ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்குவாங்க. பொங்கல்னு சொல்லிப் பாத்தேன், ஊட்டுல எல்லாரும் சிரிக்கறாங்க. பொங்குவழிவுன்னா எப்புடி இருக்கும்?