புதுப்பிப்பு: நிக்கல் முலாம் ஏறும்போதே இம்பீடன்ஸ் அளப்பது

கடலூரில் எங்கள் முலாம் பட்டறையில் நிக்கல் ஏறும்போதே இம்பீடன்ஸ் (மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஏற்படும் தடை) அளந்தால், குறைந்த அதிர்வெண்ணில் வரைபடம் கோணலாகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. 0.01 ஹெர்ட்ஸில் ஓர் அலை முடியவே 100 விநாடி ஆகும். அதற்குள் நிக்கல் படிந்து பரப்பே மாறிவிடுகிறது.

இப்போது பல அதிர்வெண்களை ஒரே சிக்னலாகக் கலந்து அனுப்பி, ஃபூரியே உருமாற்றம் என்ற கணக்கு முறையால் அதிர்வெண் வாரியாகப் பிரிக்கிறோம். 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே போவதில்லை. அங்கே போனால் வேகம் போய்விடும். அப்புறம், கலந்த அலையின் மொத்த வீச்சைச் சில மில்லிவோல்ட்டுக்குள் வையுங்கள், இதில் கறாராக இருங்கள். கூடினால் பதில் நேர்கோட்டுத் தன்மையை (சிக்னலுக்கு நேர்விகிதமாக இருப்பதை) இழந்து, பிரித்த எண்களை நம்ப முடியாது.

பரப்பு சொரசொரப்பாகும்போது இரட்டை அடுக்கின் (உலோகமும் கரைசலும் தொடும் இடத்தில் சேரும் மின்னூட்ட அடுக்கின்) மின்தேக்குதிறன் ஏறுவது தொட்டியிலிருந்து தகட்டை எடுக்காமலே தெரிகிறது. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம். அடுத்து பிரைட்னர் (முலாமுக்குப் பளபளப்புத் தரச் சேர்க்கும் பொருள்) அளவை மாற்றிப் பார்க்கிறோம்.